நிலமறிந்து இரகம், இரகமறிந்து கவாத்து
இத்தாலியின் பீட்மாண்ட் பகுதித் திராட்சைகளும் ஒயின்களும்

இத்தாலி நாட்டின் வடமேற்கு மூலையில் பீட்மாண்ட் என்னும் மாநிலம் உள்ளது. மலையடிவாரம் என்பது அப்பெயரின் பொருள். வடக்கிலும் மேற்கிலும் ஆல்ப்ஸ் மலை, தெற்கில் அப்பென்னைன் மலை, நடுவே போ ஆறு பாயும் சமவெளி. இச்சமவெளிக்குத் தெற்கே, தானரோ ஆற்றை அடுத்து, லாங்கே, ரொயேரோ, மொன்பெராட்டோ என்னும் குன்றுத் தொடர்கள் அமைந்துள்ளன. இக்குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களை 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இங்குள்ள தோட்டங்களில் பெரும்பாலானவை சில எக்டர் பரப்பே உடைய குடும்பத் தோட்டங்கள். இப்பகுதியின் தலைசிறந்த ஒயினாகிய 'பரோலோ'வுக்கு எக்டருக்கு 8 டன்னுக்கு மேல் பழம் எடுக்கக்கூடாது என்பது சட்டம். நம் பன்னீர் திராட்சையில் எக்டருக்கு 30 டன் வரை எடுக்கிறோம். அப்படியிருக்க, அங்கே சிறு விவசாயி எவ்வாறு கட்டுப்படியாகிறார்? நிலத்தைப் பார்த்து இரகத்தைத் தேர்ந்தெடுப்பதும், இரகத்தின் குணமறிந்து கவாத்து செய்வதும், ஊரின் பெயருக்கு உள்ள நம்பிக்கையைக் காப்பதும்தான் அதற்கு விடை. இம்மூன்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

மண்ணும் சரிவும்

லாங்கே குன்றுகளின் மண் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த வண்டலாகும். சுண்ணாம்பும் களியும் கலந்த இம்மண் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. லா மோர்ரா, பரோலோ ஆகிய ஊர்களின் பக்கம் நீலச்சாயல் கொண்ட, சற்று வளமான சுண்ணாம்புக் களிமண் மிகுதி. அங்கு விளையும் பழத்தின் ஒயின் விரைவில் பக்குவமடைகிறது. செர்ராலுங்கா, மொன்போர்த்தே ஆகிய ஊர்களின் பக்கம் மணற்பாறை கலந்த இறுகிய மண். அங்குள்ள ஒயின் துவர்ப்பு மிக்கது, நெடுநாள் தாங்குவது.

மண்ணைவிட முதலில் அவர்கள் பார்ப்பது சரிவின் திசையை. ஏறத்தாழ 44 முதல் 45 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் அங்கு வெயில் அருமையானது. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் அதிகமாகவும் வடக்கு நோக்கிய சரிவில் குறைவாகவும் விழும். குளிர்காலப் பனிக்கட்டி எந்தச் சரிவில் முதலில் உருகுகிறதோ அதுவே சிறந்த நிலம் என்பது அப்பகுதி விவசாயிகளின் கணக்கு. அத்தகைய சரிவுக்கு அவர்களது வட்டார மொழியில் 'சோரி' என்று பெயர். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று இறங்கித் தங்கும். உறைபனியால் துளிர் கருகும். ஆகவே அடிவாரத்தையும் ஒதுக்கிவிடுவார்கள்.

இதன்படி ஒரே குன்றில் பயிர் பங்கிடப்படுகிறது. நடுச்சரிவில் தெற்கும் தென்மேற்கும் நோக்கிய இடம் நெபியோலோ இரகத்துக்கு. அதற்கு அடுத்த தரமான இடம் பார்பெராவுக்கு. உயரமான, குளிர்ந்த இடம் டோல்செட்டோவுக்கு. திராட்சைக்கு உதவாத வடக்குச் சரிவில் ஹேசல் கொட்டை மரம். பரோலோ விதிமுறைகளில் வடக்கு நோக்கிய சரிவு இன்றும் விலக்கப்பட்டே உள்ளது. நிலத்தில் எந்தப் பகுதியும் வீணாவதில்லை. எந்தப் பகுதியிலும் பொருந்தாத பயிரைத் திணிப்பதும் இல்லை.

முக்கிய இரகங்கள்

1. நெபியோலோ: பீட்மாண்டின் முதன்மையான கருந்திராட்சை. 1266-ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றிலேயே இதன் பெயர் காணப்படுகிறது. 'நெபியா' என்றால் மூடுபனி. அறுவடைக் காலத்தில் பள்ளத்தாக்குகளில் படியும் மூடுபனியால் இப்பெயர் வந்தது என்பர்; பழத்தின் மேல் படியும் வெண்மெழுகுப் பூச்சால் வந்தது என்று கூறுவோரும் உண்டு. மற்ற இரகங்களுக்கு முன்னதாகத் துளிர்த்து, எல்லாவற்றுக்கும் பின்னதாக அக்டோபரில் பழுப்பது இதன் இயல்பு. எனவே முன்பனியிலும் அகப்படும், பின்மழையிலும் அகப்படும். நிறம் குறைவு, ஆனால் துவர்ப்பும் புளிப்பும் மிகுதி. இதிலிருந்தே பரோலோ, பார்பரெஸ்கோ ஆகிய ஒயின்கள் தயாராகின்றன.

2. பார்பெரா: பீட்மாண்டில் மிக அதிகப் பரப்பில் பயிராகும் இரகம். வீரியமாக வளரும்; நன்கு காய்க்கும். துவர்ப்பு குறைவு, நிறமும் புளிப்பும் அதிகம். கடும் வெயிலிலும் இதன் புளிப்பு எளிதில் குறைவதில்லை. ஆஸ்தி, ஆல்பா ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள குன்றுகள் இதற்குப் பெயர் பெற்றவை.

3. டோல்செட்டோ: 'சிறிய இனிப்பு' என்பது பெயரின் பொருள். ஆனால் இதன் ஒயினில் இனிப்பு இருக்காது; பழத்தில் புளிப்பு குறைவு என்பதே பெயருக்குக் காரணம். நெபியோலோவுக்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்னதாகவே அறுவடைக்கு வரும். ஆகவே வெயில் குறைந்த இடத்திலும் பழுத்துவிடும். முதிர்ந்தபின் காத்திருந்தால் பழம் உதிரும் என்பது இதன் குறை.

4. மொஸ்காட்டோ பியாங்கோ: நறுமணம் மிக்க சிறுபழ வெண்திராட்சை. கனெல்லி, சாந்தோ ஸ்டெபானோ பெல்போ ஆகிய ஊர்களின் செங்குத்தான சுண்ணாம்புச் சரிவுகளில் பயிராகிறது. ஆஸ்தி நுரை ஒயினும், மொஸ்காட்டோ தஸ்தி என்னும் இனிப்பு ஒயினும் இதிலிருந்து கிடைப்பவை.

இந்த இரகத்துக்கும் நமக்கும் ஒரு உறவு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பயிரிடும் பன்னீர் திராட்சை 'மஸ்கட் ஹாம்பர்க்' என்னும் இரகமாகும். அதன் பெற்றோருள் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட். அந்த அலெக்சாண்டிரியா மஸ்கட்டின் பெற்றோருள் ஒன்று இந்த மொஸ்காட்டோ பியாங்கோ என்பது மரபணுச் சோதனையில் தெரியவந்துள்ளது. நம் பன்னீர் திராட்சைக்கு இது பாட்டன் முறை. லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்களே இக்குடும்பத்தின் பன்னீர் மணத்துக்குக் காரணம்.

5. பிற இரகங்கள்: ரொயேரோவின் ஆர்னேயிஸ், காவி ஊரின் கோர்தேசே ஆகியவை வெண்திராட்சைகள். ஆர்னேயிஸ் 1960-களில் ஏறக்குறைய அழியும் நிலையில் இருந்து, பின்னர் மீட்கப்பட்டது. விதை மிகுந்த கிரிஞ்ஞோலினோ, மணமுள்ள பிராக்கெட்டோ ஆகிய கருந்திராட்சைகளும் சிறு அளவில் உள்ளன.

வேலையும் வருமானமும்

ஒரே குடும்பம் மூன்று, நான்கு இரகங்களைப் பயிரிடுவதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. ஆகஸ்டு இறுதி, செப்டம்பர் தொடக்கத்தில் மொஸ்காட்டோ, செப்டம்பரில் டோல்செட்டோ, செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் பார்பெரா, பிறகு நெபியோலோ என அறுவடை வரிசையாக வருகிறது. ஆட்களையும் பாத்திரங்களையும் ஒரே வாரத்தில் திரட்டவேண்டிய நெருக்கடி இல்லை.

வருமானமும் அவ்வாறே. டோல்செட்டோ ஒயினை அடுத்த ஆண்டே விற்றுவிடலாம். பார்பெரா அதற்கடுத்துக் கைகொடுக்கும். பரோலோவோ குறைந்தது 38 மாதங்கள் இருப்பில் கிடக்கவேண்டும். உதாரணமாக, 2020 அக்டோபரில் பறித்த பழத்தின் பரோலோ 2024 சனவரியில்தான் விற்பனைக்கு வர முடிந்தது. அதுவரை அடுப்பெரியச் செய்வது மற்ற இரகங்களே. விலை உயர்ந்த பயிர் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் சிறு விவசாயி இந்தக் காத்திருப்பைத் தாங்கமாட்டார்.

கவாத்தும் தோட்டப் பராமரிப்பும்

நெபியோலோ கொடியில் ஒரு தனித்தன்மை உண்டு. ஓராண்டுக் கிளையின் அடியிலுள்ள முதல் இரண்டு, மூன்று மொட்டுகளில் பெரும்பாலும் பூங்கொத்து வராது. ஆகவே கிளையை இரண்டு மொட்டு அளவில் குட்டையாக வெட்டினால் இலைதான் மிஞ்சும். இதற்காக அவர்கள் 'கியோ' முறையில் நீளக் கவாத்து செய்கிறார்கள். முந்தைய ஆண்டின் திரண்ட கிளை ஒன்றை 8 முதல் 12 மொட்டுகளுடன் விட்டுக் கம்பியில் வளைத்துக் கட்டுவர். அதனருகில் மற்றொரு கிளையை இரண்டு மொட்டு அளவில் குட்டையாக வெட்டி, அடுத்த ஆண்டுக்கான கிளையை அதிலிருந்து வளர்ப்பர். நாம் பன்னீர் திராட்சையை நான்கு மொட்டு அளவில் கவாத்து செய்வதும் இதே கணக்கில்தான். எந்த மொட்டில் பூங்கொத்து தோன்றுகிறது என்பதை அறியாமல் கத்தரியை எடுக்கக்கூடாது.

அங்கு குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்குவதால் ஆண்டுக்கு ஒரே கவாத்து, ஒரே அறுவடை. பந்தல் இல்லை, கம்பி வேலியில் கொடியை நிமிர்த்திக் கட்டுகிறார்கள். வரிசைகளைப் பெரும்பாலும் சரிவுக்குக் குறுக்கே, சமஉயரக் கோட்டையொட்டி அமைப்பர். இதனால் மழைநீர் வேகம் குறைந்து மண் அரிப்பு தடுக்கப்படுகிறது. கோடையில் மிகுதியான தளிர்களைக் கிள்ளுவதுடன், நல்ல தோட்டங்களில் கொத்துகளிலும் ஒரு பகுதியை வெட்டிக் கீழே போட்டுவிடுகிறார்கள். மீதிக் கொத்துகளுக்குச் சர்க்கரைச் சத்தும் நிறமும் கூடுவதற்கு இது உதவுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லோக்சரா என்னும் வேர்ப்பேன் ஐரோப்பியத் திராட்சையை அழித்தது. அன்று முதல் அமெரிக்க வேர்ச்செடிகளின் மேல் ஒட்டுக்கட்டியே நடவு நடக்கிறது. சாம்பல் நோய்க்குக் கந்தகமும், அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை முதலிய தாமிர மருந்துகளும் பயன்படுகின்றன.

இன்று அவர்களை அதிகம் வாட்டுவது 'பொன் மஞ்சள் நோய்' எனப்படும் பிளாவசென்ஸ் டோரே. இது பைட்டோபிளாஸ்மாவால் உண்டாகிறது; ஒருவகைத் தத்துப்பூச்சி இதைப் பரப்புகிறது. வெண்திராட்சை இரகங்களில் இலை மஞ்சளாகும், கருந்திராட்சை இரகங்களில் சிவக்கும். தண்டு முற்றாமல் தொங்கும்; கொத்து வாடி உலரும். பார்பெரா இதற்கு எளிதில் இரையாகிறது. நோய்கண்ட கொடியைக் குணப்படுத்த மருந்தில்லை. கொடியைப் பிடுங்கி அழிப்பது, பூச்சியைக் கட்டுப்படுத்துவது, நடவுப்பொருளை 50 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 45 நிமிடம் வைத்து நேர்த்தி செய்வது ஆகியவையே வழிகள். பக்கத்துத் தோட்டத்தார் கைவிட்ட கொடிகள் நோய்க்குக் கிடங்காகிவிடுவதால் ஊரார் அனைவரும் சேர்ந்தே இதை எதிர்க்க வேண்டியுள்ளது.

நடவுப்பொருளின் நம்பகம் பற்றி மற்றொரு பாடமும் இங்குண்டு. 1938-இல் பேராசிரியர் ஜியோவன்னி டால்மாஸோ நெபியோலோவையும் பார்பெராவையும் இணைத்து 'அல்பரோசா' என்னும் இரகத்தை உருவாக்கியதாகக் கருதப்பட்டது. பிற்காலத்தில் மரபணுச் சோதனை செய்தபோது, பெற்றோராகக் கொண்ட 'திரோனேரோ நெபியோலோ' உண்மையில் நெபியோலோவே அல்ல, 'ஷத்யூ' என்னும் வேறு இரகம் என்று தெரிந்தது. பெயரில் ஒற்றுமை இருந்தது, செடியில் இல்லை. வல்லுநர்களுக்கே இப்படியானால், தெரியாத இடத்தில் பதியன் வாங்குவோர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பழம் ஒயினாகும் முறை

பழத்திலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர்கள் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். பரோலோவில் குறைந்தது 13 சதவீதம் இருக்கவேண்டும் என்பது விதி. எனவே லிட்டருக்குச் சுமார் 220 கிராம் சர்க்கரை ஏறும்வரை பழம் கொடியில் முதிரவேண்டும்.

கருந்திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் உள்ளன. ஆகவே தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். பழைய முறையில் நெபியோலோவை ஒரு மாதத்துக்கு மேலும் தோலோடு ஊறவைத்து, பிறகு பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைப்பர். 1980-களில் இளைய தலைமுறையினர் சிலர் ஊறும் நாளைக் குறைத்து, சிறிய பீப்பாய்களுக்கு மாறினர். இதனால் ஊர்களில் பெரும் வாதம் மூண்டது. இன்று இரு முறைகளும் கலந்தே வழங்குகின்றன.

மொஸ்காட்டோவில் நோக்கமே வேறு. மணமும் இனிப்பும் போகாதிருக்க, நொதித்தலைப் பாதியில் குளிரூட்டி நிறுத்தி, ஈஸ்ட்டை வடிகட்டிவிடுகிறார்கள். மொஸ்காட்டோ தஸ்தியில் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். நுரை ஒயினைப் புட்டிக்குப் புட்டி தயாரிக்காமல், மூடிய பெரிய தொட்டியிலேயே தயாரிக்கும் முறையை, ஆஸ்தி ஒயின் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த பெதெரிக்கோ மார்தினோத்தி 1895-இல் கண்டு காப்புரிமை பெற்றார். விவசாயிகளுக்கு அண்மையில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கொடை அது.

ஊர்ப்பெயரும் சட்டமும்

இத்தாலியில் ஒயின்களின் ஊர்ப்பெயரைக் காக்கும் சட்டம் 1963-இல் வந்தது. பரோலோ, பார்பரெஸ்கோ ஆகியவை 1966-இல் அக்காப்பையும், 1980-இல் அதனினும் உயர்ந்த 'உத்தரவாதப் பெயர்' என்னும் தகுதியையும் பெற்றன. பரோலோ என்னும் பெயர் 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோவுக்கு மட்டுமே உரியது. இரகம், சரிவு, மகசூல், இருப்பு வைக்கும் காலம் ஆகியவை எல்லாம் விதிக்குட்பட்டவை. பார்பரெஸ்கோவுக்கு இருப்புக் காலம் 26 மாதங்கள். ஒவ்வொரு புட்டியிலும் அரசின் எண்ணிட்ட முத்திரைத் தாள் ஒட்டப்படுகிறது.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் எதற்கு என்று கேட்போருக்கு 1986-ஆம் ஆண்டு விடை தந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், மலிவான ஒயினில் மெத்தனால் என்னும் விஷச் சாராயம் கலக்கப்பட்டதால் இத்தாலியில் இருபது பேருக்கு மேல் இறந்தனர். பலர் பார்வை இழந்தனர். சர்க்கரை குறைந்த பழத்தில் உண்டான ஆல்கஹால் குறைவை ஈடுகட்ட வியாபாரிகள் சிலர் செய்த வேலை அது. கலப்பட ஒயின் வெளியேறிய இடங்களுள் பீட்மாண்டின் நார்ட்சோலே என்னும் ஊரும் ஒன்று. மலிவு விலைப் பார்பெராவின் பெயரும் அதில் அடிபட்டது. இத்தாலிய ஒயினின் ஏற்றுமதி சரிந்தது. குற்றம் செய்தவர் சிலரே. ஆனால் ஒரு துளியும் கலக்காத பார்பெரா விவசாயிகளும் விலைபோகாமல் தவித்தனர்.

அதே ஆண்டில் அரசு கலப்படத் தடுப்புக்கென மைய ஆய்வு அமைப்பை ஏற்படுத்தியது. விவசாயிகளும் அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டும் வழியில் திரும்பினர். மலிவுச் சரக்காய் இருந்த பார்பெரா பின்னர் மெல்ல மதிப்புப் பெற்றது. ஆஸ்தி பார்பெராவுக்கு 2008-இல் உத்தரவாதப் பெயர்த் தகுதி கிடைத்தது.

பார்பரெஸ்கோ கூட்டுறவு

சிறு விவசாயி தனியாக நின்றால் அறுவடை நாளில் வியாபாரி சொன்னதே விலை. பழுத்த திராட்சை காத்திருக்காது. இதை உணர்ந்து, ஆல்பா ஒயின் கல்விக்கூடத்தின் தலைவர் தொமிட்சியோ கவாட்சா 1894-இல் பார்பரெஸ்கோவில் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவு ஒயின் கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவரை அங்குள்ள நெபியோலோ பரோலோ ஒயினுக்காக விற்கப்பட்டு வந்தது. கவாட்சாவின் முயற்சியால் பார்பரெஸ்கோ தன் பெயரிலேயே வெளிவந்தது. 1920-களில், பாசிச ஆட்சிக் காலத்தில், அக்கூட்டுறவு மூடப்பட்டது.

1958-இல் அவ்வூர்ப் பாதிரியார் 19 சிறு விவசாயிகளைக் கூட்டி அதை மீண்டும் தொடங்கினார். முதல் மூன்று ஆண்டுகளின் ஒயின் தேவாலயத்தின் கீழறையிலேயே தயாரானது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் உறுப்பினர்கள். பழத்துக்கு எடையை மட்டும் பார்க்காமல் தரத்தையும் பார்த்து விலை தருகிறார்கள். உறுப்பினர் தம் நெபியோலோ முழுவதையும் கூட்டுறவுக்கே தருகிறார். நல்ல ஆண்டில் வெளியே விற்றுவிட்டு, கெட்ட ஆண்டில் மட்டும் கூட்டுறவைத் தேடும் பழக்கத்துக்கு அங்கு இடமில்லை.

நமக்குரிய பாடங்கள்

ஒயின் தயாரிப்பு உரிமம் பெற்ற ஆலைகளின் வேலை. ஆனால் பீட்மாண்ட் தோட்டங்கள் கற்பிப்பவை உண்ணும் திராட்சைக்கும் பொருந்தும்.

1. தோட்டத்தில் வெயில், குளிர், நீர் தேங்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்து இரகத்தை முடிவு செய்யவேண்டும்.

2. காய்க்கும் மொட்டு எது என்பதை இரகந்தோறும் அறிந்த பின்னரே கவாத்து அளவைத் தீர்மானிக்கவேண்டும்.

3. நடவுப்பொருளை நோயற்ற, பெயர் உறுதியான தாய்க்கொடியிலிருந்தே பெறவேண்டும்.

4. பாரம் தாங்காத கொடியில் கொத்துகளைக் குறைப்பது நட்டமன்று.

5. பூச்சி, நோய்களைப் பக்கத்துத் தோட்டத்தாருடன் சேர்ந்தே கட்டுப்படுத்தவேண்டும்.

6. விலை பேசும்போது பலர் ஒன்றாக நிற்கவேண்டும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. இது ஊரார் அனைவருக்கும் பொதுவான சொத்து. பொதுக்கிணற்றில் ஒருவர் அழுக்கை இறக்கினால் எல்லோர் குடமும் கெடும். பழுக்காத கொத்தைப் பறித்துப் பெட்டியின் அடியில் வைப்பதும், மருந்து தெளித்த நாள் கணக்கைப் பாராமல் அறுவடை செய்வதும் அந்த அழுக்குதான். 1986-இல் பீட்மாண்ட் விவசாயிகள் பெருவிலை கொடுத்துக் கற்றதை, நம் விவசாயப் பெருமக்கள் விலையின்றியே கற்றுக்கொள்ளலாம்.